காவல் நிலையத்தில் இருக்கும் உங்கள் காகிதம்: இராமநாதபுரம் கடற்கரைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

பட்டணம்காத்தானிலும் பாரதி நகரிலும் வாடகைக்கு வீடு பிடிக்கும் அரசு ஊழியர்கள், உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் மாற்றலாகி வரும் கடற்படை, கடலோரக் காவல்படைக் குடும்பங்கள், இராமேஸ்வரத்தில் கடையோ விடுதியோ எடுத்து நடத்த வருகிறவர்கள் என்று இந்தக் கரைக்குப் புதிதாக வருகிறவர்கள் பல வகை. யாராக இருந்தாலும் என்றைக்காவது காவல் நிலையத்திலிருந்து ஒரு காகிதம் தேவைப்படும். பைக் திருட்டுக்கு இன்சூரன்ஸ் கேட்க, விபத்துக்கு இழப்பீடு கேட்க, தொலைந்த ஆர்.சி. புத்தகத்துக்கு நகல் வாங்க, வெளிநாட்டு வேலைக்கு நற்சான்று காட்ட. அப்போது பெரும்பாலானவர்கள் முதலில் தேடுவது, “ஸ்டேஷன்ல தெரிஞ்சவர் யாராவது இருக்காங்களா?” என்பதைத்தான்.

தெரிந்தவர் தேவையில்லை. இந்தக் காகிதங்களில் முக்கால்வாசியை உங்களுக்குக் கொடுத்தாக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. காகிதத்தின் சரியான பெயர், அது இருக்கும் அலுவலகம், அதன் எண், இந்த மூன்றும் கையில் இருந்தால் போதும். “கேஸ் நகல் வேணும் சார்” என்று மொட்டையாகக் கேட்டால் “நாளைக்கு வாங்க” என்பதுதான் பதிலாக வரும். எண்ணும் தேதியும் போட்டு எழுத்தில் கேட்டால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

முதல் வேலை: எந்த நிலையம் என்று கண்டுபிடியுங்கள்

நீங்கள் குடியிருக்கும் இடம் ஒரு நிலைய எல்லையிலும், சம்பவம் நடந்த இடம் இன்னொன்றிலும் இருக்கலாம். காகிதம் இருப்பது சம்பவம் நடந்த எல்லையின் நிலையத்தில். இராமநாதபுரம் நகரத்திலேயே பஜார், கேணிக்கரை என்று தனித்தனி நிலையங்கள் உண்டு. இராமேஸ்வரம் சாலையில் உச்சிப்புளி, மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் என்று வரிசையாக வரும். வடக்கே தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, தொண்டி, எஸ்.பி. பட்டினம். தெற்கே கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி. எஸ்.பி. பட்டினத்தைத் தாண்டினால் புதுக்கோட்டை மாவட்டம், சாயல்குடிக்கு அப்பால் வேம்பார் போனால் தூத்துக்குடி மாவட்டம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவில் நடந்த விபத்து எந்தப் பக்கத்து எல்லை என்று தெரியாமல் இரண்டு மாவட்டத்துக்கும் அலைகிற குடும்பங்கள் உண்டு. அருகில் இருந்த கடை, கிலோமீட்டர் கல், பாலம், எதையாவது குறித்துவைத்தால் எல்லையைக் கண்டுபிடிப்பது எளிது.

புகார் கொடுப்பதற்கு மட்டும் எல்லை ஒரு தடை இல்லை. எந்த நிலையத்திலும் கொடுக்கலாம். அவர்கள் பூஜ்ய எஃப்.ஐ.ஆர்., அதாவது எல்லை பார்க்காமல் பதியும் முதல் தகவல் அறிக்கை, போட்டு உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவில் இது தெளிவாகவே இருக்கிறது. அப்படி அனுப்பிய பிறகு உரிய நிலையத்தில் புது எண் விழும். பின்னால் நகல் கேட்க அந்தப் புது எண்தான் வேண்டும், மறக்காமல் கேட்டு வாங்கிவிடுங்கள்.

ரயிலில் பையைப் பறிகொடுத்தால் உள்ளூர் நிலையத்தில் எதுவும் இருக்காது. அது ரயில்வே போலீஸ், அதாவது இருப்புப்பாதைக் காவல் நிலையம். மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் கீழ் அது வராது.

சி.எஸ்.ஆரா, எஃப்.ஐ.ஆரா?

புகார் மனுவைக் கொடுத்ததும் பெரும்பாலும் முதலில் கையில் வருவது சி.எஸ்.ஆர். ரசீது. உங்கள் மனு இன்ன தேதியில் பதிவானது, விசாரிக்கப்படும் என்பதற்கு மட்டும்தான் அது அத்தாட்சி. அதை வைத்து வாகனத் திருட்டு இன்சூரன்ஸ் கேட்டால் நிறுவனம் திருப்பி அனுப்பிவிடும். குற்ற வழக்கு பதிவானால் வருவது முதல் தகவல் அறிக்கை, அதாவது எஃப்.ஐ.ஆர். அதில் குற்ற எண், ஆண்டு, சட்டப் பிரிவுகள் இருக்கும். புதிதாக வந்தவர்கள் பலர் சி.எஸ்.ஆரை வாங்கிக்கொண்டு “எஃப்.ஐ.ஆர். போட்டாச்சு” என்று நிம்மதியாகப் போய்விடுகிறார்கள். தாளின் தலைப்பைப் படித்துவிட்டு எழுந்திருங்கள்.

பிடித்து விசாரிக்கத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்பது 2013-ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொன்னது. புதிய சட்டத்தில் ஒரு மாற்றம் உண்டு. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம். அதனால் 14 நாள் காத்திருக்கச் சொன்னால் அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கலாம். மாதக்கணக்கில் இழுத்தால் இடம் இல்லை.

புகார்தாரருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். ஜெராக்ஸ் காசு, பேப்பர் காசு எதுவும் கிடையாது. வாங்கியதும் அங்கேயே உட்கார்ந்து படியுங்கள். பெயர், தேதி, நேரம், வண்டி எண் அல்லது படகு எண், இடம். தப்பு இருந்தால் அதே தாளில் அடித்துத் திருத்த முடியாது. ஆனால் விசாரணை அதிகாரியிடம் எழுத்தில் கொடுத்து, கூடுதல் வாக்குமூலமாகப் பதிவு செய்யச் சொல்லலாம். அன்றைக்கே செய்வது நல்லது. ஆறு மாதம் கழித்து இழப்பீட்டு வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கை வைப்பது இந்த மாதிரி எண் பிசகில்தான்.

வழக்கே பதிய மறுத்தால், புகாரின் சாரத்தை எழுதி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசைவில்லை என்றால் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் மனு. எஸ்.பி.க்கு அனுப்பிய தபால் ரசீது இல்லாமல் நடுவரிடம் போனால், முதல் படியை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள் என்று திருப்பிவிடுவார்கள். இன்னொன்று, விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 193-வது பிரிவு சொல்கிறது. அதைச் சுட்டிக்காட்டி ஒரு வரி எழுதிக் கேட்க யாரும் தயங்க வேண்டாம்.

வீட்டிலிருந்தே பார்ப்பது

தமிழ்நாடு காவல்துறையின் குடிமக்கள் சேவை இணையதளத்தில் எஃப்.ஐ.ஆர். பார்ப்பது, சி.எஸ்.ஆர். நிலை அறிவது, இணையவழிப் புகார், தொலைந்த ஆவணத்துக்கான அறிக்கை, காவல் சரிபார்ப்பு எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. மாவட்டம், நிலையம், ஆண்டு, எண் கொடுத்தால் எஃப்.ஐ.ஆர். வரும். நிலையப் பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருப்பதால், சுந்தரபாண்டியன்பட்டினம் என்று தேடாமல் எஸ்.பி. பட்டினம் என்று தேடுங்கள்.

எஃப்.ஐ.ஆர். பதிந்த 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும், இணைய வசதி சரியில்லாத இடங்களில் அதிகபட்சம் 72 மணி நேரம் என்று 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பாலியல் குற்றங்கள், போக்சோ, பயங்கரவாதம் போன்றவை ஏற்றப்படாது. அப்படி ஏற்றாத வழக்கில் நீங்கள் குற்றம் சாட்டப்பட்டவராக இருந்தாலும் நகல் கேட்டு எஸ்.பி.க்கு மனுக் கொடுக்கலாம்.

இந்த வசதியை எல்லாரும் நல்லதற்கே பயன்படுத்துவதில்லை என்பது எனக்கு வருத்தம். பக்கத்து வீட்டுக்காரர் மேல் உள்ள எஃப்.ஐ.ஆரை எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். எஃப்.ஐ.ஆர். என்பது ஒருவர் சொன்ன குற்றச்சாட்டு, தீர்ப்பு இல்லை. அந்த வழக்கு தள்ளுபடியான செய்தியை யாரும் குழுவில் போடுவதில்லை. பாலியல் வழக்கில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவது தண்டனைக்குரிய குற்றம். சிறுவர் வழக்குகளுக்கும் அப்படியே.

வழக்கு நீதிமன்றம் போய்விட்டதா என்று பார்க்க மின்நீதிமன்றச் சேவை இணையதளத்தில் நிலையப் பெயரும் எஃப்.ஐ.ஆர். எண்ணும் கொடுத்துத் தேடலாம். குற்றப்பத்திரிகை தாக்கலான பிறகு நகல் வாங்கும் இடம் நீதிமன்றம். அங்கே நகல் மனு போட வேண்டும். வழக்கில் சம்பந்தமில்லாதவர் கேட்டால், எதற்காக என்று காரணம் சொல்லி மனுத் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும்.

சாலை விபத்து

இந்த மாவட்டத்தில் போலீஸ் காகிதம் தேடி வருகிறவர்களில் நிறையப் பேர் விபத்துக் குடும்பங்கள். இராமேஸ்வரம் வரும் வேன்கள், கிழக்குக் கடற்கரைச் சாலையில் மீன் ஏற்றிப் போகும் வண்டிகள், விடியற்காலையில் தூக்கக் கலக்கம். எஃப்.ஐ.ஆர். மட்டும் போதாது. பார்வை மகஜர் (சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் குறிப்பு), சம்பவ இட வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, காயச் சான்று, இறப்பு என்றால் பிரேதப் பரிசோதனை அறிக்கை, கடைசியாகக் குற்றப்பத்திரிகை, எல்லாம் வேண்டும். விபத்து வழக்கின் ஆவணங்களைக் கட்டணம் செலுத்தி, மேலே சொன்ன காவல்துறை இணையதளத்திலேயே பதிவிறக்கலாம். இதற்கென்று ஆஸ்பத்திரி வாசலில் வந்து பேசும் இடைத்தரகரிடம் கையெழுத்துப் போட்ட வெற்றுத்தாள் எதுவும் கொடுக்காதீர்கள்.

2022 ஏப்ரல் முதல் உள்ள விதிகளின்படி, காவல்துறை 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும் 90 நாளுக்குள் விரிவான விபத்து அறிக்கையையும் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குக் கொடுக்க வேண்டும். இது உங்களுக்காகவே எழுதப்படும் அறிக்கை, நகல் கேளுங்கள். இழப்பீட்டு மனுவுக்கு ஆறு மாத வரம்பு 2019 திருத்தத்தில் வந்திருக்கிறது. அதனால் குற்றப்பத்திரிகை வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். நீங்கள் மதுரையிலோ திருச்சியிலோ குடியிருந்தால் அங்குள்ள தீர்ப்பாயத்திலேயே மனுப் போடலாம், ஒவ்வொரு வாய்தாவுக்கும் இராமநாதபுரம் வர வேண்டியதில்லை. மோதிய வண்டி நிற்காமல் போய்விட்டால் இறப்புக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய் என்று தனித் திட்டம் இருக்கிறது. அதற்கும் எஃப்.ஐ.ஆர். நகல்தான் அடிப்படை.

கடலில் நடந்தால்

வெளியூர்க்காரர்கள் மிகவும் குழம்புவது இங்கேதான். பெயர்களே ஒன்றுபோல இருக்கின்றன. கடலோரப் பாதுகாப்புக் குழுமம் என்பது தமிழ்நாடு காவல்துறையின் பிரிவு. ஊரில் மரைன் போலீஸ் என்பார்கள். இராமேஸ்வரம், மண்டபம், தேவிபட்டினம், தொண்டி ஆகிய ஊர்களில் அதற்குத் தனி நிலையங்கள் உண்டு, உதவி எண் 1093. கடலோரக் காவல்படை என்பது மத்தியப் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருவது, மண்டபத்தில் நிலையம், அவசர எண் 1554. காவல்படையிடம் உள்ள தகவலை மத்திய அரசு வழியாகத்தான் கேட்க வேண்டும்.

மீன்பிடிக்கப் போனவர் கரை திரும்பவில்லை என்றால் மரைன் போலீஸில் புகார், எஃப்.ஐ.ஆர். நகல். இந்த ஒரு தாளை எவ்வளவு பத்திரமாக வைத்தாலும் தகும். உடல் கிடைக்காதபோது, ஏழு ஆண்டு தகவல் இல்லாதவர் இறந்ததாகக் கொள்ளப்படும் என்ற சட்டத்தை நாடும் நாளில், அவர் காணாமல் போன தேதிக்கு ஆதாரம் இதுதான். கூடவே மீன்துறை அலுவலகத்தில் அன்றைக்குப் படகுக்குக் கொடுத்த அனுமதிச்சீட்டின், அதாவது டோக்கனின் பதிவையும் நகலாகக் கேளுங்கள். படகு கடலுக்குப் போன தேதிக்கு அது அரசு ஆவணம். உடல் கரை சேர்ந்தால் பிரேதப் பரிசோதனை அறிக்கை தேவை. மீனவர் விபத்துக் காப்பீட்டில் இறப்புக்கான 5 லட்சம் ரூபாயைக் கேட்கும்போது எஃப்.ஐ.ஆரும் இந்த அறிக்கையும் இல்லாமல் கோப்பு நகராது. இழவு வீட்டில் காகிதம் சேர்ப்பது கொடுமையான வேலை. பக்கத்தில் இருப்பவர்கள் எடுத்துச் செய்தால் பெரிய உதவி.

இலங்கைக் கடற்படை பிடித்துப்போன வழக்கின் ஆவணங்கள் நம் ஊர் நிலையத்தில் இருக்காது. வழக்கு அந்நாட்டு நீதிமன்றத்தில் நடக்கிறது. குடும்பத்தார் போக வேண்டிய இடம் மீன்துறை அலுவலகம். யாழ்ப்பாணத்தில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்கும் எழுதலாம். கடல் அட்டை பிடிபட்ட செய்தியைப் படித்துவிட்டு எஃப்.ஐ.ஆர். தேடுகிறவர்களும் உண்டு. கடல் அட்டை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவதால், யார் பிடித்தாலும் வழக்கு வழக்கமாக வனத்துறைக்குப் போகும். மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் கேட்க வேண்டும்.

சின்ன வேலைகள் இரண்டு

அக்னி தீர்த்தத்தில் குளித்துவிட்டு வந்தால் பையில் லைசென்ஸும் ஆதாரும் இல்லை. திருட்டு என்று தெரிந்தால் புகார். தொலைந்ததுதான் என்றால் இணையத்திலேயே தொலைந்த ஆவண அறிக்கை எடுத்துக்கொள்ளலாம், நகல் ஆவணம் வாங்க அது போதும். வெளிநாட்டுக்குப் போக நற்சான்று வேண்டுமென்றால் அது பாஸ்போர்ட் சேவை இணையதளம் வழியாக, மதுரை பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ். உள்ளூர் வேலைக்கோ குடித்தனக்காரரைச் சரிபார்க்கவோ எடுக்கும் காவல் சரிபார்ப்புச் சான்று வேறு. இரண்டையும் மாற்றி எடுத்தால் பணமும் நாளும் போகும்.

தகவல் உரிமை மனு

மேலே சொன்ன வழியில் கிடைக்காதவைக்கு 2005-ம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. குடியேறப் போகும் பகுதியில் கடந்த சில ஆண்டுகளில் எத்தனை வீடு புகுந்து திருட்டு, எத்தனை வண்டித் திருட்டு என்பதைக்கூட இதில் கேட்கலாம். வெள்ளைத்தாள் போதும், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்ட வேண்டும். காரணம் சொல்லத் தேவையில்லை. எழுதுவது இப்படி:

“பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர், மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகம், இராமநாதபுரம். ஐயா, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)-ன் கீழ் கோருவது: கேணிக்கரை காவல் நிலைய எல்லையில் 2022 முதல் 2024 வரை பதிவான வீடு புகுந்து திருடிய வழக்குகளின் எண்ணிக்கை, ஆண்டு வாரியாக, அவற்றில் குற்றப்பத்திரிகை தாக்கலானவை எத்தனை, கண்டுபிடிக்க முடியவில்லை என்று முடிக்கப்பட்டவை எத்தனை.”

பெயர், முகவரி, தேதி, கையெழுத்து. அவ்வளவுதான். “ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?” என்று கேட்காதீர்கள், அது தகவல் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். “என் 12.03.2025 மனுவின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கைக் குறிப்புகளின் நகல்” என்று, கோப்பில் இருக்கும் பொருளாகக் கேளுங்கள். பக்கத்துக்கு 2 ரூபாய். நேரில் கொடுத்தால் இரண்டாம் பிரதியில் முத்திரை வாங்குங்கள். தபாலில் என்றால், 2025-ல் பதிவு அஞ்சலை விரைவு அஞ்சலோடு சேர்த்துவிட்டார்கள் என்பதால் விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீதைச் சேர்த்துவையுங்கள். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும் ஐந்து நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்றிவிட வேண்டியது அவர்கள் பொறுப்பு.

காவல் நிலைய சிசிடிவி பதிவு வேண்டுமென்றால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். 18 மாதம் சேமிக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தாலும், தேதியும் நேரமும் குறிப்பிட்டு, அழிக்காமல் பாதுகாக்கும்படியும் சேர்த்து எழுதுவதுதான் பாதுகாப்பு. யாரையாவது கைது செய்து எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியாத நிலையில் 30 நாள் காத்திருக்க வேண்டாம். உயிர், சுதந்திரம் பற்றிய தகவலுக்கு 48 மணி நேரம்தான் கெடு. கைதானவர்களின் பெயர், முகவரி, குற்றத்தின் தன்மையை ஒவ்வொரு நிலையத்திலும் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று புதிய சட்டத்தின் 37-வது பிரிவும் சொல்கிறது.

மறுத்தால்

அதிகம் வரும் மறுப்பு தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(எச்) பிரிவு, விசாரணை நடக்கிறது என்பது. விசாரணை நடக்கிறது என்று மட்டும் சொன்னால் போதாது, தகவல் கொடுத்தால் விசாரணை எப்படிக் கெடும் என்று காட்ட வேண்டும் என்று 2007-ல் டெல்லி உயர் நீதிமன்றம் பகத் சிங் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. மேல்முறையீட்டில் அதைக் குறிப்பிடுங்கள். அடுத்தது தனிநபர் தகவல் என்ற மறுப்பு. 2025 நவம்பரில் இந்த விலக்கை இன்னும் இறுக்கிவிட்டார்கள். அதனால் மற்றவர் பெயர், முகவரி உள்ள பகுதியை மறைத்துவிட்டு மீதியைத் தரும்படி 10-வது பிரிவின் கீழ் முதலிலேயே கேட்டுவிடுங்கள். கியூ பிரிவு போன்ற உளவு அமைப்புகளுக்கு இந்தச் சட்டத்தின் கீழ் மாநில அரசு விலக்குக் கொடுத்திருக்கிறது. ஊழல், மனித உரிமை மீறல் குற்றச்சாட்டு என்றால் மட்டும் கேட்கலாம்.

30 நாளில் பதில் வராவிட்டாலும் மறுத்தாலும், அதிலிருந்து 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. முதல் மனுவின் நகல், தபால் ரசீது, வந்த பதில் மூன்றையும் இணைத்து, கெடு தாண்டிவிட்டதால் 7(6)-ன் கீழ் தகவலை இலவசமாகத் தர வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். அங்கும் நியாயம் கிடைக்கவில்லை என்றால் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. காரணமில்லாமல் தாமதித்த அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம் போடும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. அங்கே வழக்கு வரிசைக்கு வர மாதங்கள் ஆகும். அதுவரை முத்திரை விழுந்த பிரதிகளையும் தபால் ரசீதுகளையும் ஒரே உறையில் போட்டு, தேதி வரிசையில் வைத்திருங்கள்.